பதினான்காம் எண், பச்சை நகப்பூச்சு

ஜனவரி 2, வெள்ளி

காலையில் ஒன்பது பால் புட்டி கழுவினேன். தாயில்லாத ஒன்பது வௌவால் குட்டிக்கும் பால் கொடுத்து, வாய் துடைத்து, ஒன்றுக்குப் போக வைத்து, திரும்பத் துண்டில் சுற்றிக் கம்பியில் தொங்கவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அடுத்த வேளைப் பால் நேரம். ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்கிறாய் என்று கேட்கிறவர்களிடம் சும்மாதான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினேன். அந்தப் பிள்ளைகளில் ஒன்றுகூட என் தோளில் மூத்திரம் போனதில்லை.

பதினோரு மணிக்கு லைல் வேலிக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தான். பக்கத்து லிச்சித் தோப்பு அவனுடையது. ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சு, அறுபத்தொரு வயதில் ஒரே வேலி. பழக் காலம் வந்தால் இதே சண்டை. "உன் பசங்க என் பழத்தைத் தின்னதும் இல்லாம என் வலையிலயே தொங்குதுங்க. வந்து எடுத்துட்டுப் போ." போனேன். பெரிய பெண் வௌவால், இறக்கை வலையில் முறுக்கிக் கிடந்தது. வெட்டி எடுக்க முக்கால் மணி நேரம். அவன் பத்தடி தள்ளி நின்று வலை போச்சே, வலை போச்சே என்று திட்டிக்கொண்டே இருந்தான். திட்டட்டும். பத்தடி தள்ளி நின்றானே, எனக்கு அது போதும்.

வாசல் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: தொடாதே, நீ தொட்டால் நான் சாவேன். கீழே வௌவால் படம். ஊரில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? எனக்கும் என்னோடு வௌவால் பார்த்துக்கொள்கிற மெர்லுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறது. அது இன்னும் வேலை செய்கிறதா என்று அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். ஊசி போடாத ஆளை ஒரு வௌவால் கீறினால் கதை முடிந்தது. அந்த வௌவாலைக் கொன்று மூளையைப் பரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும். நோய் நூறில் ஒன்றுக்குக்கூட இருக்காது. ஆனால் மனிதருக்கு வந்து, உடம்பில் காட்டிவிட்டால், பிழைத்து எழுந்தவர் கிடையாது.

ஜனவரி 3, சனி

எங்கள் ஊரில் ஜனவரிதான் கோடை உச்சம். நாளைக்கு நாற்பத்து மூன்று டிகிரியாம். நாற்பத்திரண்டைத் தாண்டினால் வௌவால்கள் மரத்திலிருந்து விழ ஆரம்பிக்கும். ஓடைக்கரையில் இப்போது நாலாயிரம் இருக்கும், பாதிக்கு மேல் குட்டியும் கையுமாக. இந்த வருஷம் எல்லாம் தாமதமாகப் பிறந்தவை, ஆறு வாரம்கூட ஆகவில்லை. தெளிப்பான், துண்டு, கூடை எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. மெர்ல் நாலு தடவை போன் செய்துவிட்டாள். தபால் ஆபீசில் முப்பது வருஷம் இருந்தவள், எதையும் நாலு தடவை சரிபார்த்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். எனக்கு அப்படியும் வராது.  நாற்பத்தொன்றோடு நிற்கக் கூடாதா?

ஜனவரி 4, ஞாயிறு

நிற்கவில்லை. 43.6. எழுதக் கை வரவில்லை.

ஜனவரி 5, திங்கள்

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். வௌவால் காப்புக் குழுவுக்கு அறிக்கை வேறு அனுப்ப வேண்டும்.

பதினோரு மணிக்கே இறக்கையால் விசிற ஆரம்பித்தன. பன்னிரண்டுக்கு உச்சிக் கிளையை விட்டு நிழலுக்கு இறங்கின. ஒரு மணிக்கு அடிமரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. அப்படி ஒட்டினால் நடுவில் இருப்பவை வெந்தே போகும். நானும் மெர்லும் முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு ஓடினோம். இரண்டு கிழவிகள், இரண்டு டப்பா தண்ணீர், நாலாயிரம் வௌவால்.

ஒன்றரைக்கு லைல் தோப்புத் தண்ணீர் வண்டியோடு வந்து நின்றான். நான் கூப்பிடவில்லை. "இதுங்க மொத்தமா செத்து நாறினா நாத்தம் என் வீட்டுக்குத்தான் வரும்" என்றான். சரி, ஏதோ ஒரு காரணம். வண்டியை விட்டு இறங்காதே, எதையும் தொடாதே என்று சொன்னேன். தலையாட்டினான். இரண்டு மணி நேரம் வண்டி மேலேயே நின்று மரம் மரமாக மழை போலத் தூவினான். அவன் மட்டும் வராவிட்டால் பாதிக் கூட்டம் போயிருக்கும். இதை அறிக்கையில் எழுத முடியாது. ஊசி போடாத ஆளுக்கு அந்த இடத்தில் வேலையே இல்லை.

மூன்றரைக்கு ஒரு கிளை முறிந்து விழுந்தது. கிளையோடு ஐம்பது அறுபது வௌவால்களும். எங்கும் கீச்சுச் சத்தம். லைல் குழாயை இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டான். மெர்ல் அந்தக் கரையில். என் இரண்டு கையிலும் குட்டிகள், கக்கத்தில் ஒன்று. லைல் காலடியில் ஒரு தாய் செத்துக் கிடந்தது, இறக்கைக்கு அடியில் குட்டி இன்னும் முலையைக் கவ்விக்கொண்டு. அவன் என்னைப் பார்த்தான். நான் தோளில் கிடந்த துண்டை அவன் பக்கம் உதறிவிட்டு, "எடு லைல்" என்றேன்.

எடுத்தான். துண்டோடுதான் எடுத்தான். பார்த்தேன்.

செத்தவை இருநூற்றுப் பதின்மூன்று. எண்ணிப் புதைத்தோம். உயிரோடு வந்த குட்டிகள் பதின்மூன்று. ஆக இப்போது இருபத்திரண்டு. மெர்ல் நகப்பூச்சுப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் நகத்தில் நிறம் வைத்து எண் கொடுத்தாள். லைல் எடுத்தது பதினாலு. இரண்டு நகத்திலும் பச்சை. அவளுடைய பச்சை கொடுமையான பச்சை.

ஜனவரி 6, செவ்வாய்

லைல் வந்தான். ஹாரன் அடிக்கவில்லை. கம்பி வலைக்கு வெளியே நின்று, "என்னோடது எது?" என்றான். காட்டினேன். ரப்பர் நிப்பிளைச் சப்பிக்கொண்டு, துண்டுக்குள்ளிருந்து கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டிருந்தது பதினாலு. ரொம்ப நேரம் பார்த்தான். "மூஞ்சி நாய்க்குட்டி மாதிரில்ல இருக்கு" என்றான். நாற்பது வருஷமாகத் தோப்பில் இதைத் திட்டுகிறவன், இன்றுதான் மூஞ்சியைப் பார்த்திருக்கிறான்.

ஜனவரி 7, புதன்

இருபத்திரண்டு குட்டி, ஒரு நாளைக்கு நாலு வேளை. கணக்குப் போட்டுப் பார்க்கக்கூட நேரமில்லை. ஆறாம் எண்ணுக்குப் பேதி. லைல் ஒரு கூடை வெடித்த லிச்சி கொண்டுவந்து வைத்தான். பால் குடிக்கிறதுகளுக்குப் பழம் எதுக்குடா என்றேன். "உனக்குத்தான்" என்றான்.

ஜனவரி 8, வியாழன்

காலையிலும் வந்தான், மாலையிலும் வந்தான். பதினாலு எத்தனை கிராம் கூடியிருக்கிறது என்று கேட்கிறான். மெர்ல் சிரிக்கிறாள்.

ஜனவரி 9, வெள்ளி

 நிதானமாக எழுத வேண்டும்.

லைல் பெட்டி தூக்கச் சட்டைக் கையை மடித்தான். வலது மணிக்கட்டுக்கு உள்பக்கம் இரண்டு கோடு. மெல்லிய கோடு, காய்ந்து பொருக்கு கட்டியிருந்தது. என்ன அது என்றேன். முள்கம்பி என்றான். நான் பதினெட்டு வருஷமாக இந்தக் கோட்டை என் கையில் பார்க்கிறேன். முள்கம்பி இப்படிக் கீறாது. கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினேன். அவன் இழுத்துக்கொண்டான்.

"எப்ப?" என்றேன்.

"அன்னிக்குத்தான். துண்டு விலகிடுச்சு. சோப்புப் போட்டுக் கழுவிட்டேன், விடு."

அஞ்சு நாள். அஞ்சு நாளாச் சொல்லலை இந்த மனுஷன்! அஞ்சு நாளா வந்து வந்து அதைப் பார்த்துட்டுப் போயிருக்கான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "உன் பலகையை நானும் படிச்சிருக்கேன்" என்றான்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, இன்றே ஊசியை ஆரம்பி என்றேன். ஊசி என்றதும் முகம் மாறியது. நாலாம் வகுப்பில் அம்மை ஊசி வரிசையில் மயங்கி என் மேல் விழுந்தவன் இவன். போவதில்லை என்றான். போனால் எந்த வௌவால், எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள் என்றான். கேட்பார்கள்தான்.

பதினாலு இன்று ஏழு கிராம் கூடியிருக்கிறது.

ஜனவரி 10, சனி

குழுவின் வட்டாரப் பொறுப்பாளர் ஃபிலிப்பா. அவள் எண் போனில் இரண்டாவதாக இருக்கிறது. காலையிலிருந்து ஆறு தடவை எடுத்தேன், ஆறு தடவையும் வைத்தேன்.

யார் தப்பு? குட்டி தப்பா? அது பயந்து பிடித்துக்கொண்டது, பிடிக்கத்தானே அந்த நகம். லைல் தப்பா? அவன் பாட்டுக்குத் தண்ணீர் தூவிக்கொண்டிருந்தான். எடு என்று சொன்னது யார்? ஊர் முழுக்கத் தொடாதே தொடாதே என்று பதினெட்டு வருஷம் கத்திவிட்டு, என் கை நிறைந்திருந்த ஒரு நிமிஷத்தில் என் வாயே சொல்லிவிட்டது.

மத்தியானம் லைல் வந்து ஒரு யோசனை சொன்னான். இரவு முழுக்க யோசித்திருப்பான் போல. "செத்ததோட செத்ததா அதையும் புதைச்சாச்சுன்னு சொல்லிடு. நான் திங்கட்கிழமை போய் ஊசி போட்டுக்கிறேன். எல்லா ஊசியும். ஆனா அதை நீ கொடுத்தேன்னா, ஊசியும் கிடையாது ஆஸ்பத்திரியும் கிடையாது."

பேரம் பேசுகிறான், லிச்சி மண்டியில் பேசுவது போல. எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. நல்ல யோசனை என்றுதான் தோன்றியது. ஒரு பொய், இரண்டு உயிர். யாருக்கு என்ன நஷ்டம்? சரி என்று சொல்லிவிட்டேன். ஆமாம், சொல்லிவிட்டேன்.

பிறகுதான் மெர்ல் நினைவுக்கு வந்தாள். அவளுக்கு ஊசி போட்டிருக்கிறது, சரி. மற்ற இருபத்தொன்று? எல்லாம் ஒரே கூடையில் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு தூங்குகின்றன. பதினாலைத் தனிக் கூடைக்கு மாற்றினேன். கத்தியது. போர்வையை இரட்டையாக மடித்து வைத்தேன், தாய் என்று நினைத்து அதைப் பிடித்துக்கொண்டது. ஏன் பிரித்தாய் என்று மெர்ல் கேட்டாள். மூக்கு ஒழுகுகிறது என்றேன். முதல் பொய்.

ஜனவரி 11, ஞாயிறு

லைல் காலையில் வரவில்லை. பத்து மணிக்கு நான் வேலியைத் தாண்டிப் போனேன். வராந்தாவில் ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். தலைவலி என்றான். நேற்று முழுக்க வெயிலில் வலை கட்டினேன், வேறொன்றும் இல்லை என்றான். கை மரத்துப்போகிறதா என்று கேட்டேன். தண்ணீர் விழுங்க முடிகிறதா என்று கேட்டேன். என் முன்னால் ஒரு டம்ளர் குடிக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே குடித்தான். அந்த டம்ளர் காலியாகும்வரை அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழு நாளில் நோய் வராது. எனக்குத் தெரியும். வாரங்கள் ஆகும், மாதங்கள் ஆகும், வருஷம்கூட ஆகும். மற்றவர்களுக்கு வகுப்பு எடுக்கிறவள் நான். தெரிந்து என்ன பயன்? வீட்டுக்கு வந்து கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். திங்கட்கிழமை போவேன் என்கிறான். போவானா? ஊசியைக் கண்டால் விழுகிறவன், நாளைக்கு டிராக்டர் ரிப்பேர் என்பான், மறுநாள் மழை என்பான். நானும் வற்புறுத்த மாட்டேன். ஏனென்றால் வற்புறுத்தினால் பதினாலைப் பற்றிப் பேச வேண்டும். இப்படியே நாள் ஓடும். ஒரு நாள் தண்ணீர் இறங்காது. அன்று நான் என்ன செய்வேன், இந்த நோட்டைக் காட்டுவேனா?

அந்தக் குட்டியைக் காப்பாத்த இவனை வச்சு நான் சூதாடறேன். வேற என்ன இது?

மாலை நாலு மணிப் பால் கொடுத்துவிட்டு ஃபிலிப்பாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், எடு என்று சொன்னதையும், வெள்ளிக்கிழமையே தெரிந்ததையும். அவள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். பிறகு, "ரெண்டு நாள் ஏன் சும்மா இருந்தீங்க நோரின்?" என்று மட்டும் கேட்டாள். 

லைலிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். தைரியம் இல்லை.

ஜனவரி 12, திங்கள்

காலைப் பால் நானே கொடுத்தேன். எப்போதும் கொடுப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். எடை பார்க்கவில்லை.

எட்டரைக்கு ஃபிலிப்பா வந்தாள். கால்நடை மருத்துவரிடம் பேசிவிட்டதாகச் சொன்னாள், மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள், வலிக்காது என்றாள். எனக்குத் தெரியாததா. நானே எத்தனை தடவை அடிபட்டதுகளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் அவையெல்லாம் அடிபட்டவை. இது கொழுகொழுவென்று இருந்தது. கூடையில் வைக்கும்போது என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒவ்வொரு நகமாக எடுக்க வேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து லைல் வந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக நல்ல சட்டை போட்டிருந்தான். ஆமாம், போகத்தான் கிளம்பியிருந்தான்! ஃபிலிப்பாவின் வண்டியைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நான் போறேன்னு சொன்னேன்ல" என்றான்.

 ஃபிலிப்பாதான் அவனை உட்கார வைத்துப் பேசினாள். அவன் அவளுக்கு எல்லாப் பதிலும் மரியாதையாகச் சொன்னான். எந்தக் கை, எத்தனை மணி, எத்தனை கோடு. கிளம்பும்போது என் பக்கம் திரும்பி, "உன் வாயால சரின்னு சொல்லிட்டு, என் முதுகுக்குப் பின்னால பண்ணிட்டே. ஒன்னா நேத்தே என்கிட்ட சொல்லியிருக்கணும், இல்ல சொன்ன சொல்லைக் காப்பாத்தியிருக்கணும்" என்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றியே முதல் ஊசிகளைப் போட்டார்களாம். பிறகு தோளில் ஒன்று. மயங்கி விழுந்தானாம். ஃபிலிப்பா சொன்னாள்.

ஜனவரி 13, செவ்வாய்

இருபத்தொரு புட்டி. பழக்கத்தில் இருபத்திரண்டு கழுவினேன்.

ஜனவரி 16, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. நோய் இல்லை.

நோய் இல்லை. லைல் பிழைத்தான். அதை முதலில் எழுத வேண்டும், அதுதான் முக்கியம். போன் வந்ததும் தரையில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான். ஒரு நிமிஷம் கழித்து அதே அழுகை வேறு அழுகையாகிவிட்டது. நல்ல குட்டி. ஒன்றுமே இல்லாத நல்ல குட்டி. நான் பொய் சொல்லியிருந்தால் இப்போது பால் குடித்துக்கொண்டிருக்கும், அவனும் நன்றாகத்தான் இருந்திருப்பான். ஆனால் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? ராத்திரி பகலாக அவனைத் தண்ணீர் குடிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன்.

லைல் நேற்று இரண்டாம் ஊசி போட்டுக்கொண்டானாம். இனி வேண்டாம், நிறுத்திக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். எல்லாம் மெர்ல் மூலம் தெரிந்தது. அவன் வேலிப் பக்கமே வருவதில்லை.

ஜனவரி 17, சனி

குழுவின் கடிதம். ஏப்ரல் கடைசிவரை நான் வௌவாலைத் தொடக் கூடாது. ஊசி போடாதவர் கையில் விலங்கைக் கொடுத்தது ஒன்று, இரண்டு நாள் மறைத்தது இரண்டு. இரண்டாவதுக்குத்தான் தண்டனை என்று ஃபிலிப்பா போனில் தெளிவாகச் சொன்னாள். நியாயம்தான். எல்லாக் காப்பாளர்களிடமும் இடம் நிரம்பி வழிகிறது, அதனால் குட்டிகள் இங்கேயே இருக்கும், மெர்ல் பொறுப்பு. நான் புட்டி கழுவலாம், பழம் வெட்டலாம், தரை கூட்டலாம். கம்பி வலைக்கு வெளியே.

என் வீடு, என் கூண்டு. நான் வெளியே நிற்கிறேன்.

ஜனவரி 19, திங்கள்

மெர்ல் தோள்வலிக்கு ஆஸ்பத்திரி போயிருந்தாள். அங்கே லைலைப் பார்த்தாளாம், சட்டையைக் கழற்றிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். மூன்றாவது ஊசி. நிறுத்தச் சொல்லிவிட்டார்களே என்று மெர்ல் கேட்டதற்கு, ஆரம்பித்ததை முடிக்கிறேன் என்றானாம்.

அவனுக்கு இன்னும் பயம் போகவில்லை போல. பரிசோதனையை நம்பவில்லை. நான் சொன்ன 'சரி'யையே நம்ப முடியாமல் போனபின் வேறு யாரை நம்புவான்.

ஜனவரி 26, திங்கள்

நாலாவதும் போட்டுக்கொண்டானாம். மயங்கவில்லையாம்.

பிப்ரவரி 4, புதன்

மெர்லால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. எடுக்க, சுற்ற, தொங்கவிட, நாலு வேளை, இருபத்தொரு தடவை, அவள் ஒருத்தி. நான் கம்பிக்கு வெளியே நின்று புட்டியை நீட்டுகிறேன். இன்று மூன்றாம் எண்ணைக் கீழே தவறவிட்டாள். அடிபடவில்லை. அவள் உட்கார்ந்து அழுதாள். உள்ளே போய் அவளைக்கூட நான் அணைக்க முடியாது, அவள் மேல் இரண்டு குட்டி தொங்கிக்கொண்டிருந்தன.

ஃபிலிப்பாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றேன். இம்முறை ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. மாத முடிவுக்குள் ஊசி போட்ட இன்னொரு ஆள் கிடைக்காவிட்டால் குட்டிகளைப் பிரித்து அனுப்ப வேண்டும் என்றாள். நாலு இங்கே, ஐந்து அங்கே, சில நானூறு கிலோமீட்டர் தள்ளி. ஒன்றாக வளர்ந்தவை. பிரிந்துபோனால் ஓடைக் கூட்டத்தோடு சேர்வது கஷ்டம். ஊரில் தெரிந்தவர்கள் அத்தனை பேரிடமும் கேட்டுவிட்டேன். ஊசி போட்டு, ரத்தம் பார்த்து, பயிற்சி முடிய இரண்டு மாதம் ஆகும். யாரிடம் இருக்கிறது இரண்டு மாதம்?

பிப்ரவரி 13, வெள்ளி

யாரும் இல்லை. பதினைந்து நாள்தான் பாக்கி. எந்தக் குட்டி யாரோடு தூங்குகிறது என்று பட்டியல் எழுதி வைத்தேன், பிரிக்கும்போது ஜோடியாவது போகட்டும்.

பிப்ரவரி 20, வெள்ளி

மாலை லைல் வந்தான். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வாசல் வழியாக வந்து, கதவைத் தட்டி, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தான். ரத்தப் பரிசோதனை முடிவு. வெறிநோய்க்கு எதிர்ப்புச் சக்தி எத்தனை இருக்க வேண்டுமோ அதைப்போல ஆறு மடங்கு இருந்தது. ஃபிலிப்பாவிடம் முன்பே பேசிவிட்டானாம், போன வாரம் இரண்டு நாள் அவளிடம் போய் எப்படிப் பிடிப்பது, எப்படிச் சுற்றுவது என்று கற்றுக்கொண்டு வந்திருக்கிறான். மெர்ல் மேற்பார்வையில் நாளை மறுநாளிலிருந்து வரலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, இரண்டு பேரும்.

நோய் இல்லை என்று தெரிந்த பிறகும் ஏன் போட்டுக்கொண்டாய் என்று கேட்டேன்.

காகிதத்தைத் திரும்ப மடித்தான். "இதை முன்னாடியே போட்டிருந்தேன்னா, அன்னிக்கு அது கீறினது வெறும் கீறல்தானே" என்றான்.

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் கோபமாகத்தான் இருந்தான். இப்போதும் என் மேல் கோபம்தான். தேநீர் கொடுத்தேன், குடித்தான்.

பிப்ரவரி 22, ஞாயிறு

காலை ஐந்தே முக்காலுக்கு வண்டி வந்து நின்றது. கையுறை, நீளக்கைச் சட்டை, எல்லாம் சரியாகப் போட்டிருந்தான். மெர்ல் ஒரு பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள். நான் கம்பிக்கு வெளியே, புட்டிக் கூடையோடு.

முதல் குட்டியை எடுத்தான்.  துண்டைச் சுற்றினான், நகத்தை உள்ளே மடித்தான், தலையை வெளியே விட்டான். ஒரு பிசகு இல்லை. நிப்பிளை வாயில் வைத்ததும் குட்டி இழுத்துக் குடிக்க ஆரம்பித்தது. அவன் மூச்சு விட்டான்.

இதை அவனிடம் சொல்லவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஃபிலிப்பாவிடம் சொன்னேன், குழுவுக்கு எழுதினேன், இந்த நோட்டில் எத்தனை பக்கம். அவனிடம் சொல்லவில்லை.

"லைல், தப்பு என்னோடது. அன்னிக்கு உன்னை எடுக்கச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன், கம்பி வழியாக.

அவன் குட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும். நீ சொல்லலைன்னாலும் எடுத்திருப்பேன்" என்றான். பிறகு, "அடுத்த புட்டியைக் கொடு, ஆறுது" என்றான்.

கொடுத்தேன். எட்டு மணிக்குள் இருபத்தொன்றும் குடித்து முடித்தன.